மத்தியானத்து உப்பு

எழுபதுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறையில் வேலை பார்த்தேன். கீழே சுக்குக் கிடங்கு. மேலே உப்பு. சாப்பிடுகிற உப்பு இல்லை. தட்டினால் கரண்ட் தருகிற உப்பு. கேசட் வந்து எல்லாம் ஓய்ந்தபிறகு அந்த அறையிலும் சுக்கு மூட்டைதான் அடுக்கினார்கள். இப்போது போய்க் கேட்டால் அங்கே அப்படி ஒரு வேலை நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

அப்போதே யாரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவரிடம் முதல்நாள் சொன்னேன்.

"உப்பைத் தட்டினா கரண்டா? அப்ப கருவாட்டைத் தட்டினா பல்பு எரியுமா?" என்றார்.

எரியாது. இந்த உப்பு வேறு. பளிங்கு மாதிரி இருக்கும். பெரிய கற்கண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு குறிப்பிட்ட சாய்வில் மெல்லிய துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் ஈயத்தாள் ஒட்டி, ஒயர் வைக்கவேண்டும். சாய்வு தப்பினால் வெறும் கல். சரியாக வெட்டின துண்டைத் தட்டினால் துளி மின்சாரம் வரும். அந்தக் காலத்து ரெக்கார்ட் பிளேயரில் ஊசிக்குப் பின்னால் இந்தத் துண்டுதான் இருக்கும். தட்டு சுற்றும்போது ஊசி அதிரும், அதிர்வு துண்டை நெளிக்கும், நெளிந்தால் கரண்ட் வரும், கரண்ட் பெட்டிக்குள் போய்ப் பாட்டாக வெளியே வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

முதலாளி மட்டாஞ்சேரியில் பிறந்தவர். அவர் அப்பா திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பம்பாயில் ஒரு பட்டறையில் சில வருஷம் இருந்து இந்த வேலையைப் பழகிக்கொண்டு வந்தார். உப்பை வெந்நீரில் கரைத்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, நடுவில் நூலில் ஒரு சின்ன உப்பு மணியைக் கட்டித் தொங்கவிடுவார். ஜாடியை உமிப் பெட்டிக்குள் புதைத்து வைப்பார். மெல்ல ஆறவேண்டும். ஆற ஆற மணி பெருக்கும்.

நான் கீழே சுக்கு சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இறங்கிவந்து எல்லாப் பெண்களையும் கையை நீட்டச் சொன்னார். ஒவ்வொரு உள்ளங்கையாகத் தொட்டுப் பார்த்தார். ஒருத்தி, "கல்யாணத்துக்குப் பாக்குறீங்களா முதலாளி?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. இந்த உப்புக்கு வியர்வை ஆகாது. ஈரம் பட்டால் மங்கிவிடும். வியர்க்காத கை வேண்டும். என் கை வியர்க்காது. சித்திரை வெயிலிலும் காய்ந்துதான் இருக்கும். அப்படித்தான் மேலே போனேன்.

அங்கே எனக்கு முன்பே ஒரு சேச்சி இருந்தாள். என்னைவிட மூத்தவள். வைப்பின் தீவிலிருந்து படகில் வருவாள். அதற்கு முன் இறால் உரிக்கிற கொட்டகையில் இருந்தவள். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை வைத்து விரல் இடுக்கெல்லாம் அழுகிப்போய், ஆறவே நெடுநாள் ஆயிற்றாம். "இனி செத்தாலும் இறாலுக்குப் போகமாட்டேன் மோளே" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்த மாடி அறை எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதே தெரியும்.

சேச்சி ஈர நூலால் உப்பை அறுப்பாள். நூல் பட்ட கோடு கரைந்து வழி விடும், மங்கின பக்கத்தை அப்புறம் தேய்த்துவிடுவாள். ஈயத்தாள் ஒட்டுவோம் இருவரும். முதலாளி சோதித்துக் கொடுத்த துண்டுகளை நான் பஞ்சு வைத்துத் தகர டப்பாவில் அடுக்குவேன். சேச்சி மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைப்பாள். முதலாளியின் மனைவியுடைய தம்பி, மலையாளத்தில் மச்சானுக்கு மச்சான் அளியன், நாங்களும் அப்படியே சொல்வோம், டப்பாவை எடுத்துக்கொண்டு எரணாகுளம் படகு ஏறுவார். அங்கே ரெக்கார்ட் பிளேயர் சேர்க்கிற ஒரு கடைக்காரர் வாங்கிக்கொள்வார்.

சோதனை விடியற்காலையில்தான். அதற்குக் காரணம் தெரு. எங்கள் ஜன்னலுக்குக் கீழே கைவண்டிகள் வர ஆரம்பித்துவிட்டால் இரும்புப் பட்டைச் சத்தம், லாரி, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் கூச்சல். துண்டு போடும் சத்தம் பல்லி கொட்டுகிற அளவுதான். அதனால் தெரு விழிக்கும் முன்னே முதலாளி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு துண்டாகத் தட்டுவார். கணீரென்று கேட்டால் வலது தட்டு. மங்கலாகக் கேட்டால் இடது தட்டு. இடது தட்டில் கிடப்பது கழிவு.

மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. மார்கழி, தையிலும் இல்லை. பங்குனி பிறந்தது. ஒருநாள் அளியன் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கடைக்காரர் எடுக்கமாட்டேன்னுட்டார் அளியா. ஒண்ணும் சரியாக் கேட்கலையாம். கழிவைக் கட்டி அனுப்பினியான்னு கேட்டார்."

முதலாளி டப்பாவை வாங்கி மெழுகைப் பார்த்தார். உடைத்துப் பூசினதுபோல் இருந்தது. கடைக்காரர் உடைத்தார், திரும்ப ஒட்டினார். அது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

"நான் தட்டினப்ப கணீர்னு இருந்துச்சு. இது நான் அனுப்பின துண்டே இல்ல" என்றார்.

அவர் கணக்கு எளிது. யாரோ நல்ல துண்டை எடுத்துக்கொண்டு கழிவுத் துண்டை வைக்கிறார்கள். நல்லதை வெளியே விற்கிறார்கள். டப்பா மூன்று கை மாறுகிறது. அளியன் கையைச் சந்தேகப்பட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. மிச்சம் இரண்டு பேர்.

சேச்சி தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தபோது என் பக்கத்தில் வந்தார்.

"நீ நம்ம ஆளு. தமிழ்க்காரி. அவ மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ."

"சரி" என்றேன்.

வேறு என்ன சொல்வது. வைத்தேன். ஒரு ஆளைப் பார்க்கவேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். சேச்சி சட்டைக்குள் கையை விட்டால் தப்பு. உள்ளே சிலுவை கிடந்தது, அதைத் தொடுகிறாள், எனக்குத் தெரியும், இருந்தாலும் தப்பு. முண்டின் மடிப்பைச் சரிசெய்தால் தப்பு. சாப்பாட்டுப் பாத்திரத்தை ஜன்னல் பக்கம் வைப்பவள் ஒருநாள் கதவுப் பக்கம் வைத்தாள். ஏன் என்று யோசித்தேன். அவளும் அடிக்கடி என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்தால் வேறு பக்கம் திரும்பினாள். மடியில் கனம் இல்லாவிட்டால் எதற்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ஒரு டப்பா திரும்பியது. மறுபடியும்.

முதலாளி ஒரு வேலை செய்தார். நாங்கள் வரும் முன்பு ஒவ்வொரு துண்டின் ஈயத்தாள் மூலையிலும் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்தார். எங்களிடம் சொல்லவில்லை. அந்த டப்பாவும் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கீறல் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. அப்போதுதான் எங்களுக்கும் விஷயம் தெரிந்தது. அதாவது யாரும் மாற்றவில்லை. நான் மூச்சு விட்டேன்.

அவர் விடவில்லை. டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போனார். விடிகாலை வந்து அதே துண்டுகளைத் தட்டினார். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். முதல் துண்டு. ஹெட்போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். இரண்டாவது. மூன்றாவது. முகம் கறுத்தது. ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். கணீரென்று கேட்டது. நேற்று எரணாகுளத்தில் செத்துக் கிடந்த துண்டு.

"ராத்திரியோட ராத்திரியா மாத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

"சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?" என்றேன்.

"வேற சாவி போட்டிருப்பாங்க."

"அப்ப கீறல்?"

"அதையும் பார்த்துக் கீறியிருப்பாங்க."

சேச்சி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "இத்தனை பணி அறியற கள்ளனை விடாதீங்க முதலாளி. பிடிச்சு இங்கேயே வேலைக்கு வெச்சுக்கோங்க. ஞங்க ரெண்டு பேரும் போயிடறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். புதுப் பூட்டு வாங்கப் போனார்.

அதற்குப்பிறகு அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். மூச்சு கழுத்தில் படும். நான் என் வேலையைப் பார்த்தேன். சேச்சிக்கு அது முடியவில்லை. விரல் வியர்த்தது. அவள் ஒட்டின துண்டுகளில் ஓரம் பனி படிந்ததுபோல் மங்க ஆரம்பித்தது. முண்டில் துடைப்பாள், ஒட்டுவாள், மறுபடி துடைப்பாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

முதலாளி அவள் கையைப் பிடித்து பல்புக்குக் கீழே இழுத்தார்.

"நான் வேலைக்கு எடுத்தப்ப இந்தக் கை காய்ஞ்சு கிடந்துச்சு. இப்ப பாரு. கள்ளத்தனம் இல்லாத கை எதுக்கு வேர்க்கும்?"

"மீனமாசம் முதலாளி. ஆனைக்கும் வேர்க்கும்."

"இவளுக்கு வேர்க்கலியே?"

என் கையைக் காட்டினார். என் கை காய்ந்துதான் இருந்தது. என் அம்மா இறந்த அன்றும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த நேரம் எனக்கும் சேச்சி மேல் சந்தேகம்தான். மங்கின துண்டுகள் கண்முன்னே கிடந்தன.

அன்று சாயங்காலம் சேச்சி படி இறங்கித் தெருவில் கால் வைத்தபோது முதலாளி மேலிருந்து "நில்லு" என்று கத்தினார். சுக்குப் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு வெளியே வருகிற நேரம். சுமட்டுக்காரர்கள் சாயாக்கடை முன்னால் நின்றார்கள். அவர் இறங்கிப் போய் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கித் திறந்தார். நான் படியில் நின்றேன். மிச்சக் கப்பைக்கிழங்கும் மீன் முள்ளும் இருந்தன. கப்பைக்குள் விரலை விட்டுக் கிளறினார். ஒன்றும் இல்லை. மூடியையும் கவிழ்த்துப் பார்த்தார்.

தெருவே பார்த்தது.

சேச்சி பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "தின்னுட்டேன்னு நினைக்கிறீங்களோ? இந்த உப்பைத் தின்னா வயிறு இளகும்னு நீங்கதானே பறஞ்சது. நாளைக்கு வந்து சொல்றேன், இளகிச்சா இல்லையான்னு."

சுக்குப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தெருக்குழாயில் பாத்திரத்தைக் கழுவினாள். உள்ளே, வெளியே, மூடி, எல்லாம் கழுவினாள். படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வைப்பின் படகில் வருகிற ஒரு பெண் சொன்னாள், சேச்சி இறால் கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள் என்று. மட்டாஞ்சேரியில் வேறு இரண்டு கிடங்கில் கேட்டாளாம். "உப்பு மாடியில் நின்ற சேச்சியா?" என்று கேட்டுவிட்டு ஆள் வேண்டாம் என்றார்களாம்.

கள்ளி போனாள், இனி டப்பா திரும்பாது என்று முதலாளி இருந்தார். டப்பா திரும்பியது.

இப்போது அடுக்குவதும் நான், அடைப்பதும் நான். அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. எனக்குத் தெரியும், வரும் என்று. ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

"இத்தனை நாளா நிக்கிறேன், உனக்கு ஒரு பயமும் வரலியே. நல்லாப் பழகின கை மாதிரி இருக்கு."

"வேர்த்தாலும் குத்தம், வேர்க்காட்டாலும் குத்தம்னா கையை வெட்டித்தான் தரணும்" என்றேன்.

"அந்தச் சேச்சி சொன்னா. நீ அடிக்கடி மடியில கை வெக்கிறேன்னு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அவங்ககிட்டயும் என்னைப் பார்க்கச் சொன்னீங்களா?"

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே, "நீ நேத்து வந்த பாண்டிக்காரி, அவ இந்த ஊருக்காரின்னு அவகிட்ட சொன்னேன்" என்றார்.

அப்படியானால் அந்த அறையில் இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்திருக்கிறோம். எங்கள் நடுவிலிருந்து ஒரு துண்டு உப்பு வெளியே போயிருக்க வழியே இல்லை. இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் கேட்டமாதிரி தெரியவில்லை.

சித்திரையில் ஒருநாள் அளியன் வெறுங்கையோடு திரும்பிவந்தார். கடைக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டார். வாயார மெச்சியும் அனுப்பினாராம். இத்தனை கணீரென்று இதுவரை வந்ததே இல்லையாம். ஹெட்போனில் காது அதிர்ந்ததாம்.

முதலாளி சந்தோஷப்படவேண்டும். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நேத்து வரைக்கும் செத்துப்போன துண்டு இன்னிக்கு எப்படிப் பிழைச்சது? இன்னிக்கு நீ மாத்தலை. அதான். இத்தனை நாளும் நீதான்."

அளியன் கத்தினார். வீட்டு விஷயம், நகை விஷயம், யார் யாருக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் வெளியே வந்தது. அவை இங்கே வேண்டாம். கத்தி முடித்து வேர்வையைத் துடைத்தார். அவரிடமிருந்து மீன் வாடை அடித்தது. முதலாளி மூக்கைச் சுளித்தார்.

"டப்பாவை எங்க வெச்சிருந்தே?"

"எங்க வெப்பேன்? சஞ்சிப் பையிலதான்."

"என்ன சஞ்சி?"

"எரணாகுளத்துல இருக்கற மாமியாருக்கு நெய்மீன் வேணும்னு பெண்டாட்டி கேட்டா. படகுத்துறைல வாங்கினேன். இந்த வெயில்ல எரணாகுளம் போறதுக்குள்ள நாறிடும்னு ஐஸ் போட்டு வாங்கினேன். டப்பாவை அது மேல வெச்சேன். கடைக்காரரே கேட்டார், நீங்க கிரிஸ்டல் விக்கிறீங்களா, மீன் விக்கிறீங்களான்னு."

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கீழ போய் ஐஸ் வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கி வந்தேன். ஈயத் தட்டில் ஐஸைக் கொட்டி, மேலே இன்னொரு தட்டை வைத்து, அதில் பஞ்சுக்கு மேல் ஒரு துண்டை வைத்தார். மத்தியானம். தெரு அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தி, மூன்று சாக்கைத் தொங்கவிட்டு, ஹெட்போனுக்கு மேல் தலைப்பாகை கட்டிக்கொண்டார். முதலில் சும்மா வெளியே கிடந்த துண்டைத் தட்டினார். தலையை ஆட்டினார். மங்கல். பிறகு ஐஸ் மேல் கிடந்ததைத் தட்டினார். உடம்பே ஒருமுறை அசைந்தது. என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். விடிகாலைச் சத்தம்.

அப்புறம் அந்தத் துண்டையே எடுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்றார். அளியனும் நானும் சுவரோரம் நின்றோம். மடிச் சூடு ஏறின பிறகு எடுத்துத் தட்டினார். செத்திருந்தது. அவர் மடியில் இருந்தபடியே செத்திருந்தது. அப்போது அந்த அறையில் சந்தேகப்பட அவரைத் தவிர யாரும் மிச்சம் இல்லை.

"பம்பாயில சோதிக்கிற அறைல குளிர் மிஷின் ஓடும்" என்றார் மெதுவாக. "முதலாளி சொகுசுப் பேர்வழின்னு நினைச்சேன்."

இந்த உப்பு அப்படித்தான். விடிகாலைக் குளிரில் உள்ளே இருக்கிற துகளெல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து வரிசையாக நிற்குமாம். சூடு ஒரு அளவைத் தாண்டினால் வரிசை கலைந்துவிடுமாம். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. உருகாது, மங்காது. சத்தம் மட்டும் போய்விடும். குளிர்ந்தால் மறுபடி வரிசை. இதைப் பிற்பாடு யாரிடமோ கேட்டு வந்து முதலாளி சொன்னார். மழையிலும் மார்கழியிலும் எரணாகுளத்து மத்தியானமும் குளிர்ச்சிதான், அதனால் யாருக்கும் தெரியவில்லை. விடியலில் சோதித்த துண்டைக் கடைக்காரர் பங்குனி மத்தியானத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். முதலாளி சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் நிஜம்.

அளியன் மட்டும் விடவில்லை. "அப்ப அந்தச் சேச்சி?" என்றார்.

முதலாளி தட்டில் இருந்த ஐஸைப் பார்த்தார். உருகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கழிந்து, எனக்கு வழி தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு வைப்பின் படகு ஏறினார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. கூப்பிடப் போகிறாரா, இல்லை அவள் வீட்டில் ஒருமுறை தேடிப் பார்க்கப் போகிறாரா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சேச்சி கொட்டகையில் இருந்தாள். ஈரத் தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறால் உரித்தார்கள். அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"எந்தா, ரெண்டு பேரும்? பாத்திரம் பார்க்க வந்தீங்களா? இன்னிக்கு மத்திச்சாளை."

"சேச்சி" என்றார் முதலாளி. அவர் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்தடவை. "தப்பு உங்க மேல இல்ல. உப்பு மேல. சூட்டுல அதுக்குச் சத்தம் போயிடுது. குளிர்ந்தா வந்துடுது. யாரும் எடுக்கலை. வேலைக்கு வாங்க."

சேச்சி ஒரு இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தாள். "இங்க வந்து சொல்றீங்க. இங்குள்ளவங்களுக்கு ஞான் கள்ளின்னு தெரியவே தெரியாது. அங்கதான் கள்ளி. அங்க சொல்லணும். அந்தப் படிக்குக் கீழ. அந்த நேரத்துல."

"வாங்க, சொல்றேன்."

"சொல்லுவாரா மோளே?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியாது சேச்சி" என்றேன்.

அது அவளுக்குப் பிடித்திருக்கவேண்டும். மறுநாள் வந்தாள்.

சாயங்காலம் சுக்குப் பெண்கள் வெளியே வருகிற நேரம் முதலாளி படிக்குக் கீழே போய் நின்றார். சேச்சி பக்கத்தில். சாயாக்கடை முன்னால் அதே சுமட்டுக்காரர்கள். அவர் தொண்டையைச் செருமினார். "இவங்க ஒண்ணும் எடுக்கலை" என்றார். "அந்த உப்பு இருக்கே, அது காலைல நல்லாச் சத்தம் போடும். மத்தியானம் சூட்டுல போடாது. திரும்பக் குளிர்ந்தா போடும். அதான் நடந்தது. நான் தப்பா நினைச்சுட்டேன்."

அவர் நிஜத்தைத்தான் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

"காலைல பேசுமாம், மத்தியானம் பேசாதாம். என் மாமியா மாதிரி" என்றாள் ஒருத்தி.

"கள்ளியைத் திரும்ப எடுக்கணும்னா இப்படி ஒரு கதை சொல்லணும் போல" என்றாள் இன்னொருத்தி. சுமட்டுக்காரர் ஒருவர், "முதலாளிக்கு அந்த ஸ்திரீ மேல என்னவோ..." என்று இழுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி முகம் சிவந்து மேலே ஏறிப் போனார். சேச்சி அங்கேயே நின்றாள். நின்று யோசித்தாள். பிறகு மேலே நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"முதலாளி! வந்து பாருங்க."

அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவள் பாத்திரத்தைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் சேச்சி. போங்க."

"இறங்கி வந்து பாருங்க. பார்க்காம ஞான் போகமாட்டேன்."

இறங்கி வந்தார். பார்த்தார். மூடியையும் கவிழ்த்துக் காட்டினாள். மூடிக்கொண்டு போனாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வேலையில் அவள் ஈர நூல் அறுப்புக்கு மட்டும் உட்கார்ந்தாள். ஈயத்தாள் ஒட்ட வரவில்லை, அவரும் கேட்கவில்லை. சோதனை மத்தியானத்துக்கு மாறியது. சாக்குகளைத் தொங்கவிட்டு, மத்தியானச் சூட்டிலும் ஓரளவு கேட்கிற ஒன்றிரண்டு துண்டை மட்டும் அனுப்பினோம். டப்பா திரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் படிக்குக் கீழே பாத்திரம் திறந்தது.

"மதி சேச்சி, போதும்" என்பார் முதலாளி.

"பாருங்க முதலாளி. நல்லாப் பாருங்க. கப்பைக்கு அடியில இருக்கும்."

முதலில் தெரு கூடிப் பார்த்தது. சுமட்டுக்காரர்கள் சாயா கிளாசோடு பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார்கள். சேச்சி பதில் சொன்னாள். அவள் முகத்தில் ஒன்றும் இருக்காது. போகப்போகச் சிலர் மட்டும் பார்த்தார்கள். மழை தொடங்கியது. குடைக்குக் கீழேயும் திறந்தாள். சுக்குப் பெண்கள் அவரவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். சாயாக்கடையில் ஒருத்தரும் திரும்பவில்லை.

ஒருநாள் அவள் படியிறங்கி வந்து சுற்றிலும் பார்த்தாள். நான் பின்னால் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்பதை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். பாத்திரத்தைத் திறக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். குடையை விரித்தாள்.

"வரட்டே மோளே" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

அதற்குப்பிறகு அவள் திறக்கவே இல்லை. முதலாளிதான் கொஞ்சகாலம் அந்த நேரமானால் இறங்கி வந்து கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார்.